ஹூ, விச், தட்: பெயரெச்சத்தின் வழியாக ஆங்கில ரிலேட்டிவ் புரோனவுனைக் கற்றல்

"கடிதம் எழுதிய மாணவி வந்தாள்" என்னும் வாக்கியத்தில், எந்த மாணவி என்பதைச் சொல்லும் "கடிதம் எழுதிய" என்ற பகுதி மாணவிக்கு முன்னால் நிற்கிறது. "எழுதிய" என்ற பெயரெச்சம் அடுத்து வரும் பெயரைத் தானே தழுவிக்கொள்வதால், இரண்டையும் இணைக்க வேறு சொல் எதுவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதே செய்தி "தி கேர்ள் ஹூ ரோட் தி லெட்டர் கேம்" என்று வரும். பெயர் முதலில் வந்துவிட்டது. அதை விளக்கும் பகுதி பின்னால் போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே "ஹூ" என்று ஒரு சொல் வந்து அமர்ந்திருக்கிறது. இந்தச் சொல்தான் ரிலேட்டிவ் புரோனவுன். ஹூ, ஹூம், ஹூஸ், விச், தட் ஆகிய ஐந்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. வேர், வென், வை என்னும் மூன்றும் இதே வேலையை இடம், காலம், காரணம் ஆகியவற்றுக்குச் செய்கின்றன. இலக்கணத்தில் அவற்றுக்கு ரிலேட்டிவ் அட்வெர்ப் என்று பெயர்.

இந்தச் சொற்கள் தமிழருக்குத் தடுமாற்றம் தருவதற்குக் காரணம் நமது மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. திராவிட மொழிகளில் ரிலேட்டிவ் புரோனவுன் என்ற சொல்வகை இல்லை என்பதையும், அதன் வேலையைப் பெயரெச்சமே செய்கிறது என்பதையும் 1856-இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பெயரெச்சம் எத்தனை விதமான பெயர்களைத் தழுவும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துச் சொல்லிவிட்டன. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அந்த ஆறு. ஆங்கிலம் கற்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி இருப்பதாகத் தோன்றவில்லை. பள்ளி இலக்கணப் பயிற்சிகள் இரண்டு ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து அவற்றை இணைக்கச் சொல்கின்றன. ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் நமக்கு யாரும் இரண்டு வாக்கியங்களைத் தருவதில்லை, மனத்தில் முதலில் எழுவது ஒரு பெயரெச்சத் தொடர்தான்.

அந்த ஆறையும் ஒரே சொல்லில் வைத்துப் பார்க்கலாம். எழுதிய மாணவி, எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய விதம், எழுதிய நாள், எழுதிய கடிதம். தமிழில் "எழுதிய" என்ற வடிவம் எங்கும் மாறவே இல்லை. மாணவி எழுதினாள், பேனாவால் எழுதினாள், அறையில் எழுதினாள் என்ற வேறுபாடுகளெல்லாம் கேட்பவரின் புரிதலுக்கு விடப்படுகின்றன. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. எழுதிய மாணவி "தி கேர்ள் ஹூ ரோட்". எழுதிய கடிதம் "தி லெட்டர் விச் ஷி ரோட்". எழுதிய பேனா "தி பென் வித் விச் ஷி ரோட்". எழுதிய அறை "தி ரூம் இன் விச் ஷி ரோட்" அல்லது "தி ரூம் வேர் ஷி ரோட்". எழுதிய நாள் "தி டே வென் ஷி ரோட்". எழுதிய விதம் மட்டும் சற்று விலகி, "தி வே இன் விச் ஷி ரோட்" என்றோ, எந்த இணைப்பும் இல்லாமல் "தி வே ஷி ரோட்" என்றோ வரும்; "தி வே ஹவ் ஷி ரோட்" என்று எழுதுவது இக்கால ஆங்கிலத்தில் பிழை.

ஆகவே எந்தச் சொல்லைப் போடுவது என்று குழம்பும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெயரெச்சத் தொடரை விரித்து முழு வாக்கியமாக்கி, அந்தப் பெயர் என்ன வேற்றுமை உருபு ஏற்கிறது என்று பார்க்க வேண்டும். "நான் பழம் நறுக்கிய கத்தி" என்பதை விரித்தால் "நான் கத்தியால் பழம் நறுக்கினேன்" என்று வருகிறது. "ஆல்" என்ற உருபுக்கு ஆங்கிலத்தில் இங்கே "வித்" வேண்டும். எனவே "தி நைஃப் வித் விச் ஐ கட் தி ஃப்ரூட்". பெயரெச்சத்தில் மறைந்துபோன உருபை ஆங்கிலத்திலும் மறைத்துவிட்டு "தி நைஃப் விச் ஐ கட் தி ஃப்ரூட்" என்று எழுதுவதே நம்மவர் எழுத்தில் மிகுதியாகக் காணப்படும் பிழை. "நான் பேசிக்கொண்டிருந்த பெண்" என்பதும் அப்படியே. பெண்ணோடு பேசினேன் என்பதால் "தி உமன் டு ஹூம் ஐ வாஸ் டாக்கிங்" அல்லது "தி உமன் ஐ வாஸ் டாக்கிங் டு" என்று வர வேண்டும். கடைசியில் நிற்கும் அந்த "டு" அனாதையாகத் தெரிந்தாலும் அதை விட்டுவிட முடியாது.

வாக்கியத்தின் இறுதியில் இப்படி வேற்றுமைச் சொல்லை (டு, இன், வித் போன்ற பிரிபோசிஷனை) நிறுத்துவது தவறு என்று சிலர் கண்டிப்பதுண்டு. ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் தமக்கு முந்தைய நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் நடையில் இதைக் குறையாகச் சுட்டியதிலிருந்து இந்தக் கண்டிப்பு தொடர்ந்து வருகிறது. உண்மையில் பேச்சிலும் இயல்பான எழுத்திலும் "தி ஹவுஸ் ஐ லிவ் இன்" என்பதே வழக்கு. "தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்" என்பது விண்ணப்பத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் பொருந்தும். இரண்டில் எதை எடுத்தாலும் சரி, "இன்" ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: வேற்றுமைச் சொல்லை முன்னால் கொண்டுவந்தால் அதன் பின் "தட்" வராது, "விச்" அல்லது "ஹூம்" தான் வரும். "தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்" சரி. "தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்" தவறு.

இடப்பெயர் வந்தாலே "வேர்" போட வேண்டும் என்ற எண்ணமும் உருபு பார்க்காததால் வருவதே. "நான் பிறந்த ஊர்" என்றால் ஊரில் பிறந்தேன். ஆகவே "தி டவுன் வேர் ஐ வாஸ் பார்ன்" என்பது சரி. "நான் பார்த்த ஊர்" என்றால் ஊரைப் பார்த்தேன். அங்கே ஊர் இடமாக நிற்கவில்லை, செயப்படுபொருளாக நிற்கிறது. எனவே "தி டவுன் விச் ஐ விசிட்டட்" என்றே எழுத வேண்டும், "தி டவுன் வேர் ஐ விசிட்டட்" என்பது பிழை. நாளுக்கும் இதே கணக்குத்தான்: "நாங்கள் சந்தித்த நாள்" வென் பெறும், "நான் மறக்க முடியாத நாள்" என்பதில் அந்த நாளை மறக்க முடியாது என்பதால் "தி டே தட் ஐ கெனாட் ஃபர்கெட்" என்று வரும்.

இனி, பெயர் எழுவாயாக நிற்கிறதா, செயப்படுபொருளாக நிற்கிறதா என்ற வேறுபாடு. மாணவி எழுதினாள் என்பது போல உருபே ஏற்காமல் எழுவாயாக நின்றால், மனிதருக்கு "ஹூ", பொருளுக்கு "விச்", இரண்டுக்கும் பொதுவாக "தட்". "ஐ" உருபு ஏற்று நின்றால் மனிதருக்கு "ஹூம்"; பொருளுக்கு அதே "விச்". மருத்துவரைச் சந்தித்தேன் என்பதால் "தி டாக்டர் ஹூம் ஐ மெட்". இன்றைய ஆங்கிலப் பேச்சில் இந்த "ஹூம்" பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. "தி டாக்டர் ஹூ ஐ மெட்" என்றோ "தி டாக்டர் ஐ மெட்" என்றோ சொல்வதே மிகுதி. ஆனால் வேற்றுமைச் சொல்லுக்கு அடுத்து "ஹூம்" கட்டாயம். "டு ஹூ", "வித் ஹூ" என்று தொடங்கும் தொடர்களை எழுத்தில் தவிர்க்க வேண்டும்.

மனிதருக்கு ஹூ, பொருளுக்கு விச் என்ற பிரிவினை ஆங்கிலத்தில் என்றென்றும் இருந்ததன்று. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் இறைவனைக் குறித்தே "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" (பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே) என்று வருகிறது. இன்று அப்படி எழுதினால் பிழையாகிவிடும். விலங்குகளுக்குப் பொதுவாக விச் அல்லது தட்; வீட்டு நாய்க்குப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறவர்கள் "ஹூ" போட்டால் அதை யாரும் திருத்துவதில்லை.

எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வதால் இன்னொரு பயன் உண்டு. செயப்படுபொருளாக நிற்கும் ரிலேட்டிவ் புரோனவுனை விட்டுவிடலாம், எழுவாயாக நிற்பதை விட முடியாது. "நான் வாங்கிய புத்தகம்" என்பதை "தி புக் ஐ பாட்" என்று சுருக்கலாம். ஆங்கிலேயர் பேச்சில் இதுவே இயல்பு. "நேற்று வந்த மனிதர் என் மாமா" என்பதை "தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்" என்று எழுதினால், "கேம்" என்பதே வாக்கியத்தின் முதன்மை வினை என்று படிப்பவர் எண்ணிவிட்டு, பின்னால் வரும் "இஸ்" கண்டு திகைப்பார். அங்கே "ஹூ" இன்றியமையாதது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ரிலேட்டிவ் புரோனவுன் வெறும் இணைப்புச் சொல் மட்டுமன்று. விளக்கப் பகுதிக்குள் பெயருக்கு உரிய இடத்தையும் அதுவே நிரப்புகிறது. "தி புக் விச் ஐ பாட்" என்பதில் "பாட்" என்ற வினைக்கு உரிய செயப்படுபொருள் "விச்" தான். இதை உணராதவர்கள் "தி புக் விச் ஐ பாட் இட்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவரையும் அங்கேயே உட்காரச் சொல்வது போன்றது அந்த "இட்". "தி மேன் ஹூ ஹி கேம்" என்று எழுதுவதும் இதே வகையான பிழைதான்.

மேலே சொன்ன ஆறில் நேரடியாக அடங்காத ஓர் உறவும் நம் பேச்சில் இயல்பாக வருகிறது. "மகன் வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்", "கூரை ஒழுகும் வீடு" போன்ற தொடர்களை விரித்தால் ஆசிரியருடைய மகன், வீட்டின் கூரை என்று உடைமை உறவு வெளிப்படும். அதற்கு உரிய சொல் "ஹூஸ்": "தி டீச்சர் ஹூஸ் சன் இஸ் அப்ராட்", "தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்". இந்தச் சொல் மனிதருக்கு மட்டுமே உரியது என்று சிலர் கற்பிக்கிறார்கள். அது சரியன்று, பொருள்களுக்கும் நல்ல எழுத்தாளர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒலியில் இதே போன்ற இன்னொரு சொல் உண்டு. "ஹூ இஸ்" என்பதைச் சுருக்கி, நடுவே மேலே ஒற்றைக் குறியிட்டு எழுதப்படும் அது "யார் இருக்கிறாரோ" என்ற பொருள் தருவது. விரித்துப் படித்தால் "ஹூ இஸ்" என்பது அந்த இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எழுத்துக்கூட்டுவதே பாதுகாப்பு.

இதுவரை சொன்னவை பயிற்சியால் கைவந்துவிடும். அதிக விழிப்பு வேண்டியது காற்புள்ளியில்தான். ஏனென்றால் அங்கே தவறினால் வாக்கியம் பிழையாவதில்லை, பொருள் மாறிவிடுகிறது. "மதுரையில் இருக்கும் என் தம்பி மருத்துவர்" என்று தமிழில் சொல்லும்போது, எனக்கு ஒரே தம்பியா, பல தம்பிகளில் ஒருவரா என்பது தொடரிலிருந்து தெரியாது. ஆங்கிலத்தில் "மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்" என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், எனக்குப் பல சகோதரர்கள் உண்டு, அவர்களில் மதுரையில் இருப்பவர் மருத்துவர் என்று பொருள். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை, இஸ் எ டாக்டர்" என்று இருபுறமும் காற்புள்ளி இட்டால், எனக்குச் சகோதரர் ஒருவரே, அவர் மதுரையில் இருப்பது கூடுதல் தகவல் என்று பொருள். "தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட் மிஸ்ட் தி எக்ஸாம்" என்றால் தாமதமாக வந்தவர்கள் மட்டும் தேர்வைத் தவறவிட்டார்கள். ஹூ-வுக்கு முன்னும் லேட்-க்குப் பின்னும் காற்புள்ளி வந்துவிட்டால், எல்லோருமே தாமதமாக வந்தார்கள், ஒருவரும் தேர்வெழுதவில்லை என்றாகிவிடும்.

எனவே எழுதும்போது அந்த விளக்கப் பகுதியை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கிய பிறகு "யார்?", "எது?" என்ற கேள்வி எழுந்தால் அது பெயரை அடையாளம் காட்டும் பகுதி, காற்புள்ளி கூடாது. எழாவிட்டால் அது கூடுதல் தகவல், காற்புள்ளி வேண்டும். ஒருவரே உள்ள உறவுக்கும், சென்னை, காவிரி போன்ற தனிப்பெயர்களுக்கும் பின்னால் வருவது அநேகமாக எப்போதும் கூடுதல் தகவலாகவே இருக்கும்: "மை மதர், ஹூ இஸ் எ நர்ஸ், ஒர்க்ஸ் அட் நைட்". இப்படிக் காற்புள்ளிக்குப் பின் வரும் பகுதியில் "தட்" வரக் கூடாது. ரிலேட்டிவ் புரோனவுனை விட்டுவிடவும் கூடாது.

காற்புள்ளி இல்லாத இடத்தில் விச், தட் இரண்டில் எது என்ற கேள்வி இணையத்தில் ஓயாமல் விவாதிக்கப்படுகிறது. அடையாளம் காட்டும் பகுதிக்குத் தட், கூடுதல் தகவலுக்கு விச் என்று பிரித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று ஆங்கிலேய அகராதி அறிஞர் ஹென்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட தமது பயன்பாட்டு அகராதியில் பரிந்துரைத்தார். சிறந்த எழுத்தாளர்களே அப்படி எழுதுவதில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் அந்தப் பரிந்துரையை விதியாகவே பின்பற்றுகிறார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அடையாளம் காட்டும் பகுதிக்கு இரண்டுமே வருகின்றன. தொடக்கநிலையில் இதற்காக மனத்தை உழப்ப வேண்டியதில்லை. "ஆல்" (எல்லாம்), "எவ்ரிதிங்", "நத்திங்", "தி ஒன்லி", "தி பெஸ்ட்" போன்ற சொற்களுக்குப் பின் தட் போடும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொண்டால் போதும்.

"எவ்ரிதிங்" என்றதும் "வாட்" நினைவுக்கு வருகிறது. "நீ சொன்ன செய்தி உண்மை" என்பதில் பெயரெச்சமும் பெயரும் தனித்தனியே நிற்கின்றன. அது "தி நியூஸ் தட் யூ டோல்ட் மீ". "நீ சொன்னது உண்மை" என்பதில் "சொன்னது" என்ற வினையாலணையும் பெயர் இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அதற்கு நிகரானது "வாட்": "வாட் யூ செட் இஸ் ட்ரூ". வாட் தனக்குள்ளேயே பெயரை வைத்திருப்பதால் அதற்கு முன்னால் இன்னொரு பெயர் நிற்க முடியாது. "எவ்ரிதிங் வாட் யூ செட்", "தி திங் வாட் யூ செட்" என்பவை இதனால்தான் தவறாகின்றன. ஆளைக் குறிக்கும் "சொன்னவர்" போன்ற சொற்களுக்கு "தி ஒன் ஹூ செட்" அல்லது "தி பெர்சன் ஹூ செட்" என்று எழுதலாம். "யார் உழைக்கிறாரோ அவர் உயர்வார்" என்ற நமது இரட்டை அமைப்பை அப்படியே கொண்டுபோய் "ஹூ ஒர்க்ஸ் ஹார்ட், ஹி வில் சக்சீட்" என்று எழுதக் கூடாது. "எனிஒன் ஹூ ஒர்க்ஸ் ஹார்ட் வில் சக்சீட்" என்பதே ஆங்கிலம்.

எண்ணிலும் சற்றுக் கவனம் வேண்டும். பாடும் சிறுவன், பாடும் சிறுவர்கள் என்று பெயரெச்சம் ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாமல் நிற்கும். ஆங்கிலத்தில் ஹூ மாறாது. அதன் பின் வரும் வினை மாறும்: "தி பாய் ஹூ சிங்ஸ்", "தி பாய்ஸ் ஹூ சிங்".

விளக்கும் பகுதி தான் விளக்கும் பெயரை ஒட்டியே வர வேண்டும் என்பது கடைசி விதி. தமிழில் பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம்: "போன வருடம் நாங்கள் தங்கிய, கூரை ஒழுகிய விடுதியை நடத்திய பெண் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்." இதில் தங்கிய விடுதி, கூரை ஒழுகிய விடுதி, நடத்திய பெண் என்று மூன்று பெயரெச்சங்கள் மூன்று உறவுகளில் நிற்கின்றன, விரித்தால் விடுதியில் தங்கினோம், விடுதியின் கூரை ஒழுகியது, பெண் விடுதியை நடத்தினார். அதாவது வேர், ஹூஸ், ஹூ. மூன்றையும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் திணித்தால் "ஹூஸ் ரூஃப்" என்பது பெண்ணின் கூரையா, விடுதியின் கூரையா என்று படிப்பவர் நின்று யோசிக்க நேரும். இரண்டாகப் பிரித்து, "தி ரூஃப் ஆஃப் தி லாட்ஜ் வேர் வி ஸ்டேட் லாஸ்ட் இயர் லீக்ட். தி உமன் ஹூ ரேன் இட் இஸ் நவ் இன் அனதர் டவுன்" என்று எழுதலாம். "ஹூ ரேன் இட்" என்பதில் உள்ள "இட்" முன்பு பிழையென்று நீக்கிய "இட்" அன்று: இங்கே ஹூ பெண்ணின் இடத்தில் இருக்கிறது, இட் விடுதியின் இடத்தில் இருக்கிறது.